மெதுவாகத் துடிக்கும் இதயம்: எங்கே தடை, ஏன் தடை, எப்போது சிகிச்சை

உடல் பரிசோதனை ரிப்போர்ட்டில் நாடித்துடிப்பு 48 என்று பார்த்தவுடன் பதறிப்போய் இதய மருத்துவரிடம் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று முறை கண் இருட்டிக் கீழே விழுந்தும், “வயசாயிருச்சு, உடம்புல சத்து இல்ல” என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் வகையினரில் பெரும்பாலோருக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படாது. இரண்டாம் வகையினரில் சிலர் அடுத்த முறை விழும்போது எழுந்திருக்காமலே போகலாம். இந்த இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான். நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணோடு எல்லோரும் நின்றுவிடுகிறோம். துடிப்பு எந்த இடத்தில் தடைபடுகிறது, எதனால் தடைபடுகிறது, நோயாளி சொல்லும் தொல்லைக்கு அதுதான் காரணமா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாதவரை அந்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை.

மெதுவான இதயத் துடிப்பை மருத்துவம் எப்படிப் புரிந்துகொண்டது, அதன் காரணங்கள் எவை, அவற்றைப் படிப்படியாகக் கண்டறிவது எப்படி என்பதை இந்த மூன்று கேள்விகளின் வழியே பார்க்கலாம்.

எது மெதுவான துடிப்பு?

பெரியவர்களுக்கு ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிப்பது இயல்பு என்பது பாடநூல் கணக்கு. 60-க்குக் கீழே போனால் ‘பிராடிகார்டியா’ என்று எழுதுவது நெடுநாள் வழக்கம். ஆனால் நல்ல நலத்தோடு இருக்கும் பலருக்கும் ஓய்வில் ஐம்பதுகளில்தான் துடிப்பு இருக்கிறது. அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சைனஸ் பிராடிகார்டியாவுக்கான (துடிப்பு பிறக்கும் இடமே மெதுவாகத் தூண்டும் நிலைக்கான) எல்லையை 50 என்று இறக்கியதற்கு இதுதான் காரணம்.

அன்றாடம் ஓடுகிறவர்கள், சைக்கிள் போட்டியாளர்கள் போன்றோருக்கு ஓய்வில் 40 துடிப்பு இருப்பது அரிதல்ல. ஒவ்வொரு துடிப்பிலும் அவர்களுடைய இதயம் கூடுதல் ரத்தத்தை வெளியேற்றுவதால் குறைந்த துடிப்பே உடலுக்குப் போதுமானதாக இருக்கிறது. நலமாக உள்ள இளைஞர்களுக்கும் ஆழ்ந்த உறக்கத்தில் துடிப்பு முப்பதுகளுக்கு இறங்கலாம். நடுவில் இரண்டு நொடிக்கு மேற்பட்ட இடைவெளியும் வரலாம். விழித்து எழுந்து நடந்தால் துடிப்பு தேவைக்கேற்ப ஏறிவிடுகிறது. அப்படி ஏறுகிறதா என்பதுதான் நலமான இதயத்தின் அடையாளம்.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓய்வில் 62 துடிப்பு உள்ள ஒருவர் இரண்டு மாடி ஏறிய பிறகும் 75-ஐத் தாண்டவில்லை என்றால், ஓய்வு எண் இயல்பாக இருந்தாலும் அவருடைய இதயம் மெதுவான இதயம்தான். உழைப்புக்கு ஏற்ப வேகம் எடுக்க முடியாத இந்தக் குறையால் மூச்சு வாங்கும், கால் தளரும், சீக்கிரம் களைப்பு தட்டும். படுக்கவைத்து எடுக்கும் ஈசிஜியில் இது பிடிபடாது.

துடிப்பு பிறக்கும் இடமும் போகும் பாதையும்

இதயத்தின் வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தருகே சைனஸ் கணு இருக்கிறது. துடிப்பைத் தொடங்கும் மின்தூண்டல் அங்கே தானாகவே பிறக்கிறது. அது மேலறைகளில் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏவி கணுவை அடைகிறது. அங்கே சற்றுத் தாமதித்து, ஹிஸ் கற்றை வழியாக இறங்கி, வலது இடது கிளைகளாகப் பிரிந்து, பர்கிஞ்சி இழைகளின் மூலம் கீழறைத் தசைக்குள் பரவுகிறது. மேலறையிலிருந்து கீழறைக்குப் போக இயல்பான இதயத்தில் இந்த ஒரு வழிதான் உண்டு.

இந்தப் பாதையின் வரைபடம் பல நாட்டு ஆய்வாளர்களின் உழைப்பில் உருவானது. இத்தாலியின் மார்கானி 1761-இலேயே, நாடி மிக மெதுவாக இருந்து மயங்கி விழும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். டப்ளின் மருத்துவர்கள் ராபர்ட் ஆடம்ஸ் 1827-இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846-இலும் அதே நோயை விரிவாகப் பதிவு செய்தார்கள். இன்றும் அந்த மயக்கத்துக்கு ‘ஸ்டோக்ஸ்-ஆடம்ஸ்’ என்றுதான் பெயர். மயக்கம் மூளையில் தொடங்குவதல்ல, இதயத்தில் தொடங்குவது என்பது அவர்கள் காட்டிய உண்மை. 1893-இல் வில்ஹெல்ம் ஹிஸ் மேலறையையும் கீழறையையும் இணைக்கும் கற்றையைக் கண்டார். 1906-இல் ஜப்பானியரான சுனாவோ தவாரா, ஜெர்மனியில் ஆஷோஃபின் ஆய்வகத்தில் இருந்தபடி ஏவி கணுவையும் அதிலிருந்து கிளைக்கும் முழுப் பாதையையும் விவரித்தார். அடுத்த ஆண்டு ஆர்தர் கீத்தும் அவரிடம் மாணவராக இருந்த மார்ட்டின் ஃபிளாக்கும் சைனஸ் கணுவை உலகுக்கு அறிவித்தார்கள். ஃபிளாக் அதை முதலில் பார்த்தது ஓர் அகழெலியின் இதயத்தில். வென்கபாக் 1899-இல், ஈசிஜி வருவதற்கு முன்பே, நாடியின் வரைபடத்தை மட்டும் வைத்து ஒரு வகைத் தடையை அடையாளம் கண்டிருந்தார். 1924-இல் வால்டெமர் மோபிட்ஸ் அதை இரு வகையாகப் பிரித்தார். அந்தப் பிரிவு நூறாண்டு கடந்தும் தினமும் பயன்படுகிறது.

வரைபடம் தெரிந்துவிட்டால் நோயை இரண்டாகப் பிரிப்பது எளிது. தூண்டலே போதுமான அளவில் பிறக்காதது ஒன்று. பிறந்த தூண்டல் கீழறைக்குப் போய்ச் சேராதது மற்றொன்று. ஏரியில் நீர் இல்லாமல் வயல் காய்வதும், ஏரி நிறைந்திருந்தும் மடை அடைத்துக்கொண்டு வயல் காய்வதும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். செய்ய வேண்டிய வேலை வேறு. சைனஸ் கணுவின் கோளாறு வாழ்வைச் சிரமப்படுத்தினாலும் பெரும்பாலும் உடனடியாக உயிரைப் பறிப்பதில்லை. ஏவி கணுவுக்குக் கீழே, ஹிஸ் கற்றையிலும் கிளைகளிலும் வரும் தடை, எந்த நேரத்திலும் இதயத்தை நிறுத்திவிடக் கூடியது.

பாதை அடைபட்டால் கீழே உள்ள திசுக்கள் தாமாகவே மாற்றுத் துடிப்பை எழுப்பும். ஏவி கணுவுக்கு அருகிலிருந்து எழுந்தால் நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை கிடைக்கும். அது ஓரளவு நம்பகமானது. கீழறையிலிருந்து எழுந்தால் 20 முதல் 40 வரைதான். அதுவும் முன்னறிவிப்பில்லாமல் நின்றுபோகலாம். தடை எங்கே என்று மருத்துவர்கள் இவ்வளவு அக்கறையோடு தேடுவது இதற்காகத்தான்.

இதயத்துக்குள்ளே உள்ள காரணங்கள்

முதன்மையான காரணம் முதுமை. வயதோடு சைனஸ் கணுவின் செல்கள் குறைந்து நார்த்திசு கூடுகிறது. மின்பாதையிலும் அப்படியே. லெவ், லெனேக்ர் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-இல் தனித்தனியே விவரித்த இந்தத் தேய்மானம், மாரடைப்போ வேறு இதய நோயோ இல்லாத முதியவர்களுக்கும் முழு இதயத் தடையை உண்டாக்குகிறது. சைனஸ் கணு தேய்ந்தவர்களில் பலருக்கு மேலறை நடுக்கமும் சேர்ந்துகொள்ளும். படபடப்பு சட்டென்று நிற்கும் கணத்தில், சோர்ந்த சைனஸ் கணு விழித்துக்கொள்ளச் சில நொடிகள் எடுத்துக்கொள்கிறது. நோயாளி மயங்கி விழுவது அந்த இடைவெளியில்தான். படபடப்புக்குக் கொடுக்கும் மருந்து அந்த இடைவெளியை இன்னும் நீட்டிவிடும் என்பது இந்த நோயின் சிக்கல்.

இரண்டாவது மாரடைப்பு. ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு ஏவி கணு ரத்தம் பெறுவது வலது கரோனரி தமனியிலிருந்து. அதனால் இதயத்தின் அடிப்பகுதியைத் தாக்கும் மாரடைப்பில் துடிப்பு குறைவது சகஜம். அடைப்பை நீக்கிய பிறகு பெரும்பாலும் சில நாட்களில் தானாகச் சரியாகிவிடும். முன்பகுதி மாரடைப்பில் வரும் முழுத்தடை வேறு வகை: இதயத்தின் நடுச்சுவர் பெருமளவு சேதமானதன் அடையாளம் அது, இறப்பு விகிதமும் அதிகம். இரண்டு நோயாளிகளுக்கும் நாடி 35 என்றே எழுதப்பட்டிருக்கலாம். அவர்கள் எதிர்காலம் ஒன்றல்ல.

தொற்றும் அழற்சியும் மூன்றாவது கூட்டம். வாதக் காய்ச்சலில் ஈசிஜியின் பிஆர் இடைவெளி (தூண்டல் மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரம்) நீள்வது நோயை உறுதிசெய்யும் துணை அடையாளங்களில் ஒன்று. தொண்டை அடைப்பான் நோய் மின்பாதையை நேரடியாகத் தாக்கும். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு துடிப்பு குறைவது அடிக்கடி காணப்படுவது. பெரும்பாலும் தானே சரியாகும். டைபாய்டில் காய்ச்சலின் உயரத்துக்கு ஏற்ப நாடி ஏறாமல் இருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உண்ணிக்கடியால் வரும் லைம் நோயும், தென்னமெரிக்காவில் சாகாஸ் நோயும் இதயத் தடைக்குப் பேர்போனவை. இதய வால்வில் கிருமித் தொற்று உள்ளவருக்குத் திடீரென்று பிஆர் இடைவெளி நீண்டால், அயோர்ட்டா வால்வின் அடியில் சீழ் கட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு விரைந்து செயல்பட வேண்டும்.

அறுபது வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் காரணம் தெரியாமல் இதயத் தடை வந்தால் அதை முதுமைக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சார்காய்டோசிஸ், காசநோய் போன்ற அழற்சிகள் இதயத்துக்குள் ஒளிந்திருக்கலாம். இதய எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன் ஆகியவற்றால் அவற்றைக் கண்டுபிடித்தால் நோயின் போக்கையே மாற்ற முடியும். குடும்பத்தில் இளவயது பேஸ்மேக்கர், திடீர் மரணம், இதய வீக்கம் இருந்தால் மரபணுக் கோளாறையும் தேட வேண்டும்.

கருவிலேயே தொடங்கும் தடையும் உண்டு. லூபஸ் போன்ற நோய்களில் காணப்படும் ரோ எதிர்ப்பொருள் தாயின் ரத்தத்தில் இருந்தால், நூறு கருவுறுதல்களில் ஒன்று அல்லது இரண்டில் குழந்தையின் ஏவி கணு கருப்பையிலேயே சேதமாகிறது. தாய்க்கு லூபஸ் இருக்கிறது என்பதே சில குடும்பங்களில் குழந்தையின் மெதுவான துடிப்பைப் பார்த்த பிறகுதான் தெரியவருகிறது. இவை போக, வால்வு அறுவை சிகிச்சை, தொடைத் தமனி வழியே அயோர்ட்டா வால்வு பொருத்துதல், பிறவி இதயத் துளையை மூடுதல் போன்றவற்றுக்குப் பிறகும் தடை ஏற்படலாம்.

வெளியிலிருந்து வரும் காரணங்கள்

இதயம் முழுக்க நலமாக இருந்தும் துடிப்பு குறையும் காரணங்கள் இவை. திருப்பிவிடக் கூடியவை என்பதால் முதலில் தேட வேண்டியவையும் இவையே.

முதலிடம் மருந்துகளுக்கு. ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்களுக்கும் தரப்படும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால், வெராபமில், டில்டியாசெம், டிகாக்சின், அமியோடரோன், இவாபிரடின், குளோனிடின். மனநல மருந்தான லித்தியம், மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. கண் அழுத்தத்துக்கு ஊற்றும் டைமோலால் சொட்டு மருந்து பலருக்கும் நினைவுக்கு வராத ஒன்று. கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கும் கண்ணீர்க்குழாய் வழியாக அது நேரே ரத்தத்தில் கலக்கிறது. கல்லீரலால் சிதைக்கப்படாமல் இதயத்தை அடைகிறது. “வேற என்ன மருந்து எடுக்கறீங்க?” என்று கேட்டால், “வேற ஒண்ணும் இல்ல டாக்டர்” என்பார்கள். கண் சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். மாத்திரைப் பையை மேசைமேல் கொட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

மருந்தும் சிறுநீரகமும் பொட்டாசியமும் கூட்டுச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மாதிரி நோயாளியை நெருக்கமாகப் பார்ப்போம். எழுபது வயது அம்மா ஒருவர். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. மெட்டோப்ரோலால், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறார். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு; சாப்பாடு இறங்கவில்லை, மாத்திரையை மட்டும் விடவில்லை. மூன்றாம் நாள் கை கால் சில்லிட்டு, நாடி 34 ஆக வருகிறார். நீர் வற்றியதால் சிறுநீரகம் சுணங்கியது, பொட்டாசியம் ஏறியது, ஏறிய பொட்டாசியமும் மெட்டோப்ரோலாலும் சேர்ந்து இதயத்தை அமுக்கின, துடிப்பு குறைந்ததால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் மேலும் குறைந்தது. தன்னைத் தானே தீவிரமாக்கிக்கொள்ளும் இந்தச் சுழலுக்கு மருத்துவர்கள் ‘பிராஷ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஈசிஜியில் பி அலை மறைந்து, டி அலை கூர்ந்து, நடுவிலுள்ள கியூஆர்எஸ் அகன்றிருக்கும். இவருக்குத் தேவை கால்சியம் ஊசி, இன்சுலினோடு குளுகோஸ், தேவையான அளவு திரவம், தேவைப்பட்டால் டயாலிசிஸ். சரியாகச் செய்தால் நிலையான பேஸ்மேக்கர் இல்லாமலேயே ஓரிரு நாளில் நாடி 70-க்கு வந்துவிடும். பொட்டாசியம் பார்க்காமல் பேஸ்மேக்கர் பற்றிப் பேசவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

நஞ்சுகள் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் தனித்த துயரம். வேலியோரம் வளரும் மஞ்சள் அரளியின் நஞ்சு டிகாக்சினைப் போலவே செயல்பட்டு, சைனஸ் கணுவையும் ஏவி கணுவையும் ஒரே நேரத்தில் முடக்குகிறது. 1980-களிலிருந்து யாழ்ப்பாணத்திலும் பிறகு இலங்கையின் பிற பகுதிகளிலும் இது பெரும் பொதுநலப் பிரச்சினையானது. யாழ்ப்பாணத்தில் 170 பேரைப் பற்றிய ஆய்வை சரவணபவானந்தனும் கணேசமூர்த்தியும் 1988-இல் வெளியிட்டார்கள். டிகாக்சினுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஊசி இந்தத் தாளக் கோளாறுகளைச் சில மணி நேரத்தில் சீர்செய்கிறது என்பதை, கொழும்பில் 66 நோயாளிகளிடம் நடந்து 2000-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு நிரூபித்தது. விலை எட்டாததால் அந்த ஊசி கிடைக்காமல் போனபோது இறப்பு கூடியதையும் அதே இதழ் 2003-இல் பதிவு செய்தது. காக்கும் மருந்து தெரிந்திருந்தும் ஏழை நாடு அதை வாங்க முடியாமல் உயிர்களை இழந்தது என்பது மருத்துவ உலகம் வெட்கப்பட வேண்டிய செய்தி. பூச்சிமருந்தான ஆர்கனோபாஸ்பரஸும் துடிப்பைக் குறைக்கும். அதற்கு அட்ரோபின் உண்டு. இந்த நோயாளிகளை உடனே 108-இல் ஏற்றி, துடிப்பைக் கண்காணிக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வந்தபோது நாடி நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. தடை பல மணி நேரம் கழித்தும் வரலாம்.

தைராய்டு சுரப்புக் குறைவு, உடல் குளிர்ந்துபோதல், தூக்கத்தில் மூச்சுத் தடை, மூளைக்குள் அழுத்தம் கூடுதல் ஆகியவையும் வெளிக் காரணங்களே. தலையில் அடிபட்டவருக்கு ரத்த அழுத்தம் ஏறி நாடி குறைந்தால் கவனிக்க வேண்டியது இதயத்தை அல்ல, மூளையை.

நரம்புவழி மயக்கம் தனி வகை. பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைக் கூட்டத்தில், வெயிலில் நீளும் கோயில் வரிசையில், ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது விழுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகையினர். வேகஸ் நரம்பு சட்டென்று கிளர்ந்து துடிப்பும் ரத்த அழுத்தமும் சேர்ந்து இறங்குகின்றன. விழுவதற்கு முன் வியர்வை, குமட்டல், காதடைப்பு என்று முன்னறிவிப்பு இருக்கும்; படுத்தால் தெளியும்.

மருத்துவர் தேட வேண்டியவை

நோயாளியின் பேச்சில் பாதி விடை இருக்கிறது. மயக்கம் எந்த நிலையில் வந்தது? நின்றபோதா, உட்கார்ந்து சாப்பிடும்போதா, படுத்திருந்தபோதா? முன்னறிவிப்பு இருந்ததா? இதயத் தடையால் வரும் மயக்கம் பெரும்பாலும் எச்சரிக்கையின்றி வரும். மூளைக்கு ஆறு முதல் எட்டு நொடி ரத்தம் போகாவிட்டால் நினைவு தப்பிவிடும். முகம் வெளுத்து விழுவார், துடிப்பு திரும்பியதும் முகம் சிவந்து, சில நொடியில் தெளிந்து, “என்னாச்சு?” என்று கேட்பார். ரத்தம் போகாத மூளை கைகால்களை உதறவைக்கலாம். பார்க்கிறவர்கள் வலிப்பு என்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டவர்களும் உண்டு. வலிப்பில் நாக்கின் ஓரம் கடிபடுவதும், பிறகு நெடுநேரம் குழப்பமும் தூக்கமும் இருப்பதும் அதிகம். விழுந்ததைக் கண்ணால் பார்த்தவரின் சாட்சி இங்கே ஸ்கேனைவிட மதிப்புள்ளது. ஒருவர் பதறாமல் கைப்பேசியில் எடுத்த காணொளி நோயறிதலையே மாற்றிவிடலாம்.

நாடியை ஒரு முழு நிமிடம் விரலால் எண்ண வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் தானியங்கி பிபி மிஷினும் ஏமாற்றக்கூடும். ஒவ்வொரு இயல்பான துடிப்புக்கும் அடுத்து ஒரு முந்திய துடிப்பு வந்தால், அந்த முந்திய துடிப்பில் ரத்தம் போதுமான அளவு கைவரை வராது. கருவி 38 காட்டும்; ஈசிஜியில் 76 இருக்கும். இவருக்கு இதயம் மெதுவாகவே இல்லை. முழு இதயத் தடை உள்ளவரிடம் கழுத்துச் சிரையில் அவ்வப்போது பெரிய அலை எழுவதையும், முதல் இதய ஒலி துடிப்புக்குத் துடிப்பு மாறுவதையும் கவனமுள்ள மருத்துவர் படுக்கையருகிலேயே கண்டுபிடிப்பார்.

அடுத்தது பன்னிரண்டு லீட் ஈசிஜி. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.2 நொடி. பி அலை மேலறையினுடையது, கியூஆர்எஸ் கீழறையினுடையது. முழுத்தடை உள்ள தாளைப் பாருங்கள்: பி அலைகள் நான்கு பெரிய கட்டத்துக்கு ஒன்றாக, நிமிடத்துக்கு 75 என்ற கணக்கில் தவறாமல் வருகின்றன. கியூஆர்எஸ் ஒன்பது கட்டத்துக்கு ஒன்றாக, நிமிடத்துக்கு 33 என்று தன்பாட்டுக்கு வருகிறது. சில பி அலைகள் கியூஆர்எஸ்ஸுக்குள்ளும் டி அலைக்குள்ளும் மறைந்திருக்கும். அளவுகோலை வைத்து நகர்த்தினால்தான் அவை அகப்படும். இரண்டு வரிசைக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று தெரிந்த கணத்தில் நோய் உறுதியாகிவிடுகிறது.

முழுமையடையாத தடைகளுக்குப் படிகள் உண்டு. பிஆர் இடைவெளி 200 மில்லிநொடியைத் தாண்டினால் முதல் நிலை; பெரும்பாலும் தொல்லை தராது. பிஆர் படிப்படியாக நீண்டு ஒரு துடிப்பு விடுபட்டால் வென்கபாக் வகை. தடை பெரும்பாலும் ஏவி கணுவில் இருக்கும். பிஆர் மாறாமல் இருந்து திடீரென்று துடிப்பு விடுபட்டால் மோபிட்ஸ் இரண்டாம் வகை. தடை கணுவுக்குக் கீழே, ஆபத்தானது. ஒன்று விட்டு ஒன்று விடுபட்டால் எந்த வகை என்று அந்தத் தாளில் இருந்து மட்டும் சொல்ல முடியாது. அப்போது நடக்கவைத்துப் பார்ப்பது உதவும்: கணுவில் உள்ள தடை நடந்தால் தளரும், கீழே உள்ள தடை நடந்தால் இறுகும். இடைவெளிகளைத் தடை என்று தீர்மானிக்கும் முன், முந்தி வந்து கடத்தப்படாத பி அலை டி அலைக்குள் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது தீங்கற்றது, அவசரத்தில் பேஸ்மேக்கர் வரை இழுத்துவிடக் கூடியது.

ரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின், தைராய்டு, சந்தேகமிருந்தால் டிரோபோனின். இதயத் தசையும் வால்வும் எப்படி என்று அறிய எக்கோ. இவ்வளவும் மாவட்ட மருத்துவமனை அளவிலேயே முடிகிற பரிசோதனைகள்.

தொல்லையும் தாளும் ஒரே நேரத்தில்

வந்து வந்து போகும் கோளாறை ஒற்றை ஈசிஜியில் பிடிக்க முடியாது; நடமாடும்போதே ஈசிஜியைத் தொடர்ந்து பதியும் கருவி வேண்டும். அமெரிக்கர் நார்மன் ஹோல்டர் 1940-களின் இறுதியில் உருவாக்கிய முதல் கருவி முதுகில் சுமக்கும் 38 கிலோ மூட்டை. இன்று சட்டைக்குள் மறைகிறது. எத்தனை நாள் பதிவு என்பது தொல்லை எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதைப் பொறுத்தது. தினமும் வந்தால் 24 முதல் 48 மணி நேர ஹோல்டர் போதும். மாதம் ஒருமுறை வந்தால் சில வாரங்கள் அணியும் கருவி வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை விழுந்து அடிபடுபவருக்குத் தோலடியில் பொருத்தும் பதிவுக்கருவி சில ஆண்டுகள் காவல் இருக்கும். ஒரே நாள் ஹோல்டரில் ஒன்றும் தெரியவில்லை என்பதை, ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நோயாளி நாட்குறிப்பு எழுத வேண்டும். தலைசுற்றிய நேரத்தில் தாளில் துடிப்பு 72 என்றால், காரணத்தை வேறிடத்தில் தேடலாம். அதே நேரத்தில் நான்கு நொடி இடைவெளி என்றால் வழக்கு முடிந்தது. உழைப்பில் மூச்சு வாங்குபவருக்கு டிரெட்மில் பரிசோதனை. இரவில் மட்டும் துடிப்பு குறைபவருக்குத் தூக்க ஆய்வு. கிளைத்தடையோடு மயக்கமும் உள்ளவருக்கு, மின்பாதையை உள்ளிருந்தே அளக்கும் ஆய்வு தேவைப்படலாம். ஹிஸ் கற்றையிலிருந்து கீழறைக்குத் தூண்டல் போக இயல்பாக 35 முதல் 55 மில்லிநொடி ஆகும். 70-ஐ எட்டினால் எச்சரிக்கை.

அவசரமும் நிலையான தீர்வும்

துடிப்பு குறைந்து ரத்த அழுத்தம் இறங்கினால், நினைவு மங்கினால், மார்வலியோ நுரையீரலில் நீரோ சேர்ந்தால், காரணத்தைத் தேடிக்கொண்டே சிகிச்சையும் தொடங்க வேண்டும். அட்ரோபின் முதல் மருந்து. கணுவுக்குக் கீழே உள்ள தடைக்கு அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மார்பின்மேல் ஒட்டும் பட்டைகளால் தூண்டுதல், டோபமின் அல்லது அட்ரினலின் சொட்டு, பிறகு சிரை வழியே தற்காலிக பேஸ்மேக்கர் என்று படி ஏற வேண்டும்.

நிலையான பேஸ்மேக்கரின் வரலாறு 1958 அக்டோபர் 8-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்குகிறது. நாளுக்குப் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்த 43 வயது ஆர்னே லார்சனுக்கு, ரூனே எல்ம்க்விஸ்ட் செய்த கருவியை ஓகே சென்னிங் பொருத்தினார். முதல் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. லார்சன் அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001-இல் 86 வயதில், இதயத்துக்குத் தொடர்பில்லாத நோயால் இறந்தார். பொருத்திய மருத்துவரும் கருவியைச் செய்த பொறியாளரும் அவருக்கு முன்பே மறைந்துவிட்டார்கள்.

யாருக்கு வைக்க வேண்டும்? திருப்ப முடியாத முழுத்தடைக்கும் மோபிட்ஸ் இரண்டாம் வகைக்கும், தொல்லை இல்லாவிட்டாலும் வைக்க வேண்டும். சைனஸ் கணுக் கோளாறில் தொல்லைக்கும் மெதுவான துடிப்புக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டால்தான் வைக்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து வைக்க எந்த வழிகாட்டுதலும் இடம் தரவில்லை. தேவையில்லாமல் வைத்தால் தொற்று, கம்பி நகர்தல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றம், வலது கீழறையை நெடுங்காலம் தூண்டுவதால் சிலருக்கு இதயம் பலவீனமாதல் ஆகிய அனைத்தையும் வீணே சுமக்க வேண்டியிருக்கும். கடைசிக் குறையைத் தவிர்க்கவே இயற்கைப் பாதையிலேயே கம்பியைப் பொருத்தும் முறை இப்போது பரவிவருகிறது. கம்பியே இல்லாமல் இதயத்துக்குள் நேரடியாக வைக்கும் சிறு கருவியும் வந்துவிட்டது. வைத்தவர்கள் சமைக்கலாம், வண்டி ஓட்டலாம், கைப்பேசி பேசலாம். கருவியின் அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கும் முன் சொல்ல வேண்டும். இறந்த பின் தகனம் செய்வதானால் கருவியை முதலில் அகற்றியாக வேண்டும். தீயில் அது வெடிக்கும். துக்க வீட்டில் யாரும் நினைக்காத இதைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது மருத்துவரின் கடமை.

செய்ய வேண்டியது

மெதுவான இதயத் துடிப்பைப் பற்றி மருத்துவ உலகுக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி விலை குறைந்தது. ஒரு நிமிடம் நாடி எண்ணுவதும், மாத்திரைப் பையைப் பார்ப்பதும், ஈசிஜி எடுப்பதும், பொட்டாசியம் பார்ப்பதும் பெருநகர மருத்துவமனையின் தனியுரிமை அல்ல. மயங்கி விழுந்த ஒவ்வொருவருக்கும், அவர் வயது என்னவானாலும், ஒரு ஈசிஜி எடுக்கப்பட வேண்டும். வலிப்பு என்று மாத்திரை தொடங்கும் முன்பும் அது எடுக்கப்பட வேண்டும். பேஸ்மேக்கர் வேண்டும் என்று சொல்லப்பட்டவர், “தடை எந்த இடத்தில்? மருந்தோ பொட்டாசியமோ தைராய்டோ காரணமில்லை என்று உறுதியா? என் மயக்கத்துக்கு இதுதான் காரணம் என்று தாளில் தெரிகிறதா?” என்று தயங்காமல் கேட்க வேண்டும். நல்ல மருத்துவர் அந்தக் கேள்விகளை வரவேற்பார். தானும் அவற்றையே கேட்டுக்கொண்டுதான் முடிவுக்கு வந்திருப்பார். இந்தப் பழக்கம் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வேரூன்றினால், தேவையில்லாதவர் உடலில் கருவி ஏறாது; தேவையானவருக்கு அது காலம் தாழ்ந்து கிடைக்காது.